வீடு பொய், சண்டை நிஜம்: ஒரு பெட்டி நிறைய பழைய அமெரிக்கக் குடும்ப காமெடி

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இதோடு போய்விடலாம். 'எவ்ரிபடி லவ்ஸ் ரேமண்ட்' முழுத் தொகுப்பு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். 'ரோசான்' எட்டாவது சீசன் வரைக்கும் வாங்கலாம். 'தி ஹனிமூனர்ஸ்' கறுப்பு வெள்ளைதான், இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். 'தி பிரேடி பஞ்ச்' சும்மா கிடைத்தால் பாருங்கள், காசு கொடுத்து வேண்டாம்.

கனடாவில் இருக்கிற மச்சான் வீடு மாறும்போது, இனி இதையெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு பெட்டி நிறைய டிவிடிகளைக் கப்பலில் போட்டுவிட்டார். சொக்லேட் வருமென்று காத்திருந்த பிள்ளைகளுக்கு ஏமாற்றம், எனக்குக் கொண்டாட்டம். மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் எங்கள் வீட்டில் இந்த மாரி முழுக்க இதுதான் ஓடியது. மழை பிடித்தால் வளவுக்குள் தண்ணீர் நிற்கும், டிஷ்ஷில் படம் கட்டம் கட்டமாக உடையும், வேறு என்ன செய்வது.

இப்படி வெளிநாட்டில் இருந்து எடுக்க நினைக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கனடா, அமெரிக்காவில் விற்கிற டிவிடி பிராந்தியம் 1. இலங்கை, இந்தியா எல்லாம் பிராந்தியம் 5. லண்டனில் இருந்து வந்தால் 2. ஒரு பிராந்தியத்துக்கு மட்டும் பூட்டுப்போட்ட பிளேயராக இருந்தால் வட்டை உள்ளே வாங்கிவிட்டு அப்படியே வெளியே தள்ளிவிடும். எல்லாப் பிராந்தியமும் ஓடுகிற பிளேயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் பழைய மடிக்கணினி ஒன்றில் விஎல்சி மென்பொருள் போட்டு வயர் மூலம் டிவிக்குக் கொடுக்கலாம். நாங்கள் செய்தது அதுதான், பெரிதாகக் கரைச்சல் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தொடர்களின் அட்டையில் எல்லாம் சாதாரணக் குடும்பம், அன்றாட வாழ்க்கை என்றுதான் போட்டிருக்கும். சிரிப்பு வருகிறதா இல்லையா என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதைப் பற்றி நான் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் வீட்டு வாழ்க்கையை ஒழுங்காகக் காட்டியிருக்கிறார்களா என்பதை, வீடு நடத்துகிற எவரும் சொல்லலாம்தானே.

இந்த வேலைக்கு என்னைவிட அம்மா பொருத்தம். அவருக்கு இங்கிலிஷ் அவ்வளவாக வராது, அதனால் வசனத்தை விட்டுவிட்டு வீட்டையேதான் பார்ப்பார். 'பிரேடி பஞ்ச்' ஓடும்போது (1969 முதல் 1974 வரை வந்தது, மூன்று பொடியன்கள், மூன்று பெட்டைகள், தகப்பன் கட்டடக் கலைஞர், வீட்டில் சமையலுக்கு வேறு ஓர் ஆள்) அம்மா கேட்டார்: "ஆறு புள்ளைகள், ஒரு குளிக்கிற அறை. கக்கூசு எங்ககா?"

கேட்டது நியாயம். அந்தக் குளியலறை செட்டில் உண்மையாகவே கழிப்பறை இருக்கை கிடையாது. அந்தக் காலத்து அமெரிக்க டிவிக்கு அது சொல்லக்கூடாத சமாச்சாரம். 1957-ல் 'லீவ் இட் டு பீவர்' தொடரில் இரண்டு பொடியன்கள் குட்டி முதலை ஒன்றை வாங்கி, தாய் தகப்பனுக்குத் தெரியாமல் கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளித்து வைப்பார்கள். தொட்டியைக் காட்டாமல் கதை இல்லை. இழுபறிக்குப் பிறகு தொட்டியை மட்டும் காட்ட விட்டார்களாம், கீழே உள்ளதைக் காட்டவில்லை. (வாவிக்கரையில் இருக்கிற நமக்கு முதலையை வீட்டுக்குள் கொண்டுவருவது காமெடியாகவே தெரியவில்லை, அது வேறு கதை.) 1971-ல் 'ஆல் இன் த ஃபேமிலி' வந்த பிறகுதான் மாடியில் ஒருவர் தண்ணீர் இழுக்கிற சத்தத்தையே கேட்க விட்டார்கள். படம் கூட இல்லை, சத்தம். அதுக்கே அங்கே பெரிய பேச்சு.

அதே தொடரில் பீவர் என்கிற பொடியனின் தாய் ஜூன், குசினிக்குள் முத்துமாலையும் குதிச்செருப்புமாக நிற்பார். தன் கழுத்தில் ஒரு குழி இருக்கிறது, அதை மறைக்கத்தான் மாலை என்று நடித்த பார்பரா பில்லிங்ஸ்லி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். நல்ல காரணம்தான். நம்ம ஆட்கள் இரவு ஏழு மணிக்குப் பார்க்கிற சீரியல்களில் பட்டுச்சேலையும் நெற்றிச்சுட்டியுமாகப் படுத்து எழும்புகிறார்களே, அவர்களுக்கு எந்தக் குழியை மறைக்க வேண்டியிருக்கிறதோ தெரியாது.

வீடு பொய்யாக இருப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்றும் உண்டு. 1951-ல் தொடங்கிய 'ஐ லவ் லூசி'யில் மூன்று கமராவை வரிசையாக வைத்து, எதிரே பார்வையாளர்களை உட்காரவைத்து, ஒரே ஓட்டமாகப் படம் பிடித்தார்கள். அது நன்றாக வேலை செய்ததால் அப்புறம் வந்தவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஆக, வீட்டுக்கு மூன்று சுவர்தான். சோபா எப்போதும் நடுவில், நம்மைப் பார்த்து. சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கக் கதிரை எப்போதும் காலி, எத்தனை பேர் சாப்பிட வந்தாலும் மற்ற மூன்று பக்கத்திலும் இடித்துக்கொண்டு இருப்பார்கள். 'ரோசான்' தொடக்கத்தைக் கவனித்துப் பாருங்கள், அதில் கமரா மேசையைச் சுற்றிச் சுற்றி வரும், நாலு பக்கமும் ஆட்கள். அந்தத் தொடக்கத்தைப் பார்த்தவுடனேயே இது வேறு சாதிப் பொருள் என்று தெரிந்துவிட்டது.

இனிக் காசு. என் கணக்கில் ஒரு தொடர் நிஜமா பொய்யா என்பதைக் காட்டிக்கொடுப்பது காசுதான். 'மேரீட் வித் சில்ட்ரன்' பாருங்கள், தகப்பன் அல் பண்டி சப்பாத்துக் கடையில் விற்பனையாளர், மனைவி வேலைக்குப் போவதில்லை, பிள்ளைகள் இரண்டு, இருப்பதோ மாடி வீடு. தொடர் முழுக்க எங்களிடம் காசில்லை, சாப்பாடில்லை என்று பகிடி விடுகிறார்கள். அந்த மாடிப்படியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல். காத்தான்குடியில் சப்பாத்துக் கடையில் நிற்கிற பொடியனிடம் கேட்டுப் பாருங்கள், மாடி எப்படி எழும்புகிறது என்று.

'ஹனிமூனர்ஸ்' 1955-ல் தொடங்கி 39 பகுதிகளோடு நின்றது. ரால்ஃப் கிராம்டன் புரூக்ளினில் குடியிருக்கிற பஸ் ஓட்டுநர், கிழமைக்கு 62 டொலர் சம்பளம். அதற்கு என்ன வருமோ அதுதான் அவருடைய வீடு: ஒரு அறை, ஒரு மேசை, கைகழுவுகிற தொட்டி, ஐஸ் கட்டி போடுகிற பழைய பெட்டி, திரையில்லாத யன்னல். மனைவி அலிஸ் ஒரு டிவி வேண்டுமென்கிறாள், ரால்ஃப் மேல்வீட்டு நோர்ட்டனோடு பாதிப் பாதி காசு போட்டு வாங்குகிறார், பிறகு எந்த நிகழ்ச்சி பார்ப்பது என்று இரண்டு பெரிய ஆம்பிளைகளும் பிள்ளைகள்போல் அடிபடுகிறார்கள். எழுபது வருஷத்துக்கு முந்தின கதை. எங்கள் ஒழுங்கையில் முதன்முதலாக டிவி வந்த வீட்டைப் பற்றி அம்மா சொல்கிற கதைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. குறை என்னவென்றால், ரால்ஃப் மனைவியைப் பார்த்து முட்டியை மடக்கிச் சந்திரனுக்கு அனுப்பிவிடுவேன் என்று திரும்பத் திரும்பச் சொல்வார், பின்னால் சிரிப்புச் சத்தம் வரும். அடிக்கமாட்டார், அலிஸும் பயப்படமாட்டாள். ஆனாலும் அந்த இடத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

காசைப் பற்றிச் சரியாகச் சொன்னது 'ரோசான்' (1988 முதல் 1997). இலினோய் மாநிலத்தில் ஒரு கற்பனைச் சிற்றூர். முதலாவது சீசனில் ரோசான் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள், புதிதாக வந்த மேலாள் ஆளுக்கு இத்தனை உருப்படி என்ற கணக்கை ஏற்றிவிடுகிறார், அவளும் கூட்டாளிகளும் வேலையை விட்டுவிட்டு வருகிறார்கள். கைதட்டி முடிந்த பிறகுதான் கதை. தொலைபேசியில் விற்பனை, சலூனில் முடி கூட்டுகிற வேலை, சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிற வேலை என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்குகிறாள். புருஷன் டான் கட்டட வேலைக்காரர், மோட்டார் சைக்கிள் கடை போடுகிறார், அது படுத்துவிடுகிறது. ஒரு பகுதியில் பில் கட்டாமல் கரண்டை வெட்டிவிடுகிறார்கள். அதைப் பார்த்தபோது வீட்டில் ஒருவரும் பேசவில்லை. 2022-ல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாமல் இருந்தவர்கள் நாங்கள், அது நாட்டுக்கே போனது, வெட்கமில்லை. பக்கத்து வீட்டில் வெளிச்சம் எரிய நம்ம வீடு மட்டும் இருட்டாக இருப்பது வேறு மாதிரி. டானும் ரோசானும் அந்த இருட்டில் பகிடி விடுகிறார்கள், வேறு வழியில்லாதவர்கள் விடுகிற பகிடி அது.

'தி கொஸ்பி ஷோ'வையும் இங்கே சொல்ல வேண்டும். தகப்பன் மகப்பேற்று வைத்தியர், தாய் சட்டத்தரணி, இரண்டு பேரும் எப்போது பார்த்தாலும் வீட்டில் ஓய்வாக இருப்பார்கள், நிஜம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1984-ல் வந்த முதல் பகுதியில், படிப்பு வேண்டாம், சாதாரண ஆளாக வாழ்ந்துகொள்கிறேன் என்கிற மகனுக்கு மொனொப்பொலி விளையாட்டுக் காசைக் கையில் கொடுத்து வரி, வாடகை, சாப்பாடு என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்வார் பாருங்கள், ஓஎல் பரீட்சை எழுதப்போகிற பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த ஒரு காட்சியைப் போட்டுக் காட்டுங்கள். மிச்சத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. தகப்பனாக நடித்த பில் கொஸ்பியின் பாலியல் குற்ற வழக்கு விபரம் எல்லோருக்கும் தெரியும், 2018-ல் குற்றவாளி என்று தீர்ப்பு, 2021-ல் அது ரத்து. பெட்டியில் அப்படியே கிடக்கிறது.

இப்போது 'ரேமண்ட்'. இதற்குத்தான் நான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

1996 முதல் 2005 வரை, 210 பகுதிகள். ரே பத்திரிகையில் விளையாட்டு எழுதுகிறவர், மனைவி டெப்ரா, மூன்று பிள்ளைகள், தெருவுக்கு எதிர்ப்பக்கம் தாய் மரீ, தகப்பன் ஃபிராங்க். வீடு இதிலும் பொய்தான், பளபளவென்று. பிள்ளைகளோ, வேண்டிய நேரத்துக்கு வந்து போவார்கள், மிச்ச நேரம் எங்கே என்று தெரியாது. ஆரம்பத்திலேயே ரே, இது பிள்ளைகளைப் பற்றிய கதை இல்லை என்று சொல்லிவிடுவார், ஆக ஏமாற்றினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் சண்டை இருக்கிறதே, அது அச்சு அசல். தயாரிப்பாளர் ஃபில் ரோசென்தால், கதை வேண்டுமென்றால் வீட்டுக்குப் போய் மனைவியோடு சண்டை பிடித்துவிட்டு வாருங்கள் என்று எழுத்தாளர்களை அனுப்புவாராம். பார்த்தாலே தெரிகிறது.

முதல் பகுதியில் ரே தாய்க்கு ஒரு பரிசு ஏற்பாடு செய்கிறார், மாதம் ஒரு பெட்டி பழம் வீட்டுக்கு வரும். மரீ அழாத குறை. இவ்வளவு பழத்தை நான் என்ன செய்வது, அடுத்த மாதமும் வருமா, யார் கேட்டது என்று. மகன் ஆசையாக அனுப்பினதைப் பாரமாக்கி மகனிடமே திருப்பிக் கொடுக்கிற அந்தக் கலை, வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற எந்தத் தாய்க்கும் தெரியும். எங்கள் அம்மாவுக்கு ஒரு வசனமும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. மச்சான் அனுப்பின பெட்டியைப் பார்த்து அவரே அதைத்தான் சொல்லியிருந்தார்: "இதை வைக்க இடம் எங்க மனே?"

இன்னொன்றில் டெப்ரா இறைச்சி உருண்டை செய்யப் பழகக் கேட்கிறாள். மரீ சந்தோஷமாக வந்து செய்முறையெல்லாம் சொல்லிக்கொடுத்து, தாளிதப் போத்தலில் மட்டும் பெயரை மாற்றி ஒட்டிவிடுகிறார். சமைத்தால் சரிவராது, ஏனென்று டெப்ராவுக்குப் புரியாது. இது கொஞ்சம் அதிகம் என்று என்னவர் சொன்னார். நான் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் கறித்தூள் இடிக்கிற அளவை முழுதாகச் சொல்லிக்கொடுத்த ஒரு பெரியம்மாவையாவது காட்டுங்கள். மல்லி இவ்வளவு, சீரகம் இவ்வளவு, மிளகாய் இவ்வளவு என்று விரலை மடக்கி மடக்கிச் சொல்வார்கள், வறுக்கிற பதம் வரும்போது மட்டும் "அது கைப்பழக்கம்கா" என்று எழும்பிப் போய்விடுவார்கள்.

ஆனால் ஓர் இடத்தில் கதை எங்கள் ஊரோடு ஒட்டவே இல்லை, பார்க்கப் பார்க்க அதுதான் சுவாரசியம். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் தமிழரோ முஸ்லிமோ, பெரும்பாலும் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். மூத்தவளுக்கு இருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டு, தாய் தகப்பன் அதே வளவுக்குள் பின்னுக்கு ஒதுங்கி, இளையவளுக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்குவார்கள். ஆக, தட்டாமல் கேட்காமல் குசினிக்குள் வந்து சட்டியைத் திறந்து பார்க்கிற மரீ, எங்கள் ஊரில் ரேயின் தாயாக இருக்க முடியாது, டெப்ராவின் தாயாகத்தான் இருப்பார். அப்படிப் போட்டுப் பாருங்கள், கதையே மாறிவிடும். மகள் தாயோடு நேருக்கு நேர் கத்துவாள், மத்தியானம் கத்திவிட்டுப் பின்னேரம் ஒன்றாக இருந்து பேன் பார்ப்பார்கள். மருமகனோ மாமியோடு சண்டை பிடிக்கவே மாட்டார். மாமியும் நேரே ஒன்றும் சொல்லமாட்டார். "அவர் சாப்பிட்டாராமா?" என்று மகளிடம் கேட்பார், அவர் பக்கத்துக் கதிரையில்தான் இருப்பார். குறையும் அப்படியே சுற்றி வளைத்துத்தான் போகும், பேரப்பிள்ளையை ஏசுவதுபோல் ஏசி. அமெரிக்க எழுத்தாளர்களுக்கு இது கிடைத்திருந்தால் இன்னும் நூறு பகுதி எடுத்திருப்பார்கள். என்னவர் வாழைச்சேனைக்காரர், இங்கே வந்து வாழ்கிற மருமகன். மரீயைப் பார்த்து அவர் சிரித்ததைவிடத் தன் தாய்க்குக் கோல் எடுத்ததுதான் அதிகம்.

ஏழாவது சீசனில் பயணப்பெட்டிப் பகுதி ஒன்று இருக்கிறது, வாங்கினால் முதலில் அதைப் பாருங்கள், திரைக்கதைக்கு, அமெரிக்க டிவிக்குக் கொடுக்கிற எம்மி விருது வாங்கினது. எங்கேயோ போய்விட்டு வந்த ரேயும் டெப்ராவும் பெட்டியை மாடிப்படியில் வைத்துவிடுகிறார்கள். யார் மேலே கொண்டுபோவது? இரண்டு பேரும் வாய்திறப்பதில்லை. கிழமைக்கணக்கில் பெட்டி அங்கேயே இருக்கிறது, இருவரும் தாண்டித் தாண்டிப் போகிறார்கள். ரே கடைசியில் அதற்குள் சீஸ் துண்டை வைத்து, நாற்றத்தில் அவள் எடுக்கட்டும் என்று காத்திருக்கிறார். இதில் நடிப்பென்று ஒன்றுமில்லை ஐயா. எங்கள் குசினி வாசலில் வெறும் காஸ் சிலிண்டர் ஒன்று நின்றது. கடைக்குக் கொண்டுபோய் மாற்ற வேண்டும், மோட்டார் சைக்கிளில் கட்டுகிறது அவர் வேலை என்று நான், முடிந்ததென்று வாயைத் திறந்து சொன்னால்தானே என்று அவர். விறகடுப்பில் சமையல் நடந்தது. கண்ணெரிய எரிய ஊதினேன், கேட்கவில்லை. அதன்மேல் பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டையைக் காயப்போட்டோம், பிறகு குடை மாட்டினோம், அது ஒரு தளபாடமாகவே ஆகிவிட்டது. அந்தப் பகுதியைப் பார்த்து முடித்தபோது இரண்டு பேரும் சிலிண்டரைத்தான் பார்த்தோம். அப்படியும் அடுத்த நாள் அதை எடுத்துக்கொண்டு போனவர் தம்பி.

எதிர்த்த வீட்டுக்காரர் தட்டாமல் உள்ளே வருவது பொய் என்று அமெரிக்கர்கள் இந்தத் தொடர்களைப் பற்றிக் குறைசொல்வதுண்டு. நமக்கு அது ஒன்றுதான் முழு நிஜம். இங்கே யார் தட்டினார்கள்? படலையில் நின்று ஒரு குரல், முடிவதற்குள் ஆள் திண்ணையில்.

இல்லாதவையும் நிறைய. யாரும் கையில் வேலையோடு பேசுவதில்லை. எங்கள் வீட்டில் பெரிய பேச்சு எல்லாம் தேங்காய் திருவும்போதும் மீன் அரியும்போதும்தான் நடக்கும், கோபம் எவ்வளவென்று திருவலைச் சத்தத்திலேயே தெரியும். இவர்கள் கோப்பிக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், அதுவும் வெறும் கோப்பை, ஆட்டுகிற ஆட்டிலேயே தெரிகிறது. தாய் சவூதியிலோ கட்டாரிலோ வீட்டு வேலையில் இருக்க, தகப்பனும் அம்மம்மாவும் பிள்ளை வளர்க்கிற வீடு இந்தக் கரையில் எத்தனை? அதை அமெரிக்கத் தொடரில் தேடுவது அநியாயம்தான். நம்ம மொழியில் காமெடி எடுக்கிறவர்களிடம் கேட்கலாம், வாட்சப்பில் வருகிற தாயை வைத்து எவ்வளவு சிரிக்கலாம், எவ்வளவு அழலாம். கிழமைக் கடன் அறவிடுகிறவர் வருகிற நேரத்தில் வீட்டில் ஆள் இல்லாதது மாதிரி இருப்பதற்கு மட்டும் ஒரு தொடர் எடுக்கலாம்.

சிரிப்புச் சத்தம் சிலருக்குப் பிடிக்காது. 'ரோசான்', 'ரேமண்ட்' இரண்டும் ஆட்களை உட்காரவைத்து எடுத்தவை, அதனால் அவ்வளவு உறுத்தாது. சத்தமே வேண்டாம் என்றால் 'மால்கம் இன் த மிடில்' (2000) பாருங்கள், பெட்டியில் இருந்ததில் அதுதான் புதியது. முதல் பகுதியிலேயே தாய் லோயிஸ் குசினிக்குள் நின்று புருஷனின் முதுகு மயிரை வழித்துக்கொண்டே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவாள். அந்த வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள், ஒரு கதிரையும் நேராக இருக்காது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இதுதான்கா வீடு" என்றார். ஆனால் வேகம் அதிகம், இங்கிலிஷ் எழுத்து கீழே ஓடாவிட்டால் பாதி விளங்காது. எந்தத் தொகுப்பு வாங்கினாலும் பின்னட்டையில் சப்டைட்டில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், பழைய தொடர்கள் சிலவற்றில் இல்லை.

கடைசியாக 'ரோசான்' ஒன்பதாவது சீசன். வாங்க வேண்டாம் என்று மேலே சொன்னது இதைத்தான். எட்டு வருஷம் பில் கட்ட அலைந்த குடும்பத்துக்கு லொத்தரில் பத்துக் கோடி டொலருக்கு மேல் விழுகிறது, பிறகு இளவரசர், பயங்கரவாதிகள் என்று கதை எங்கெங்கோ பறக்கிறது. கடைசிப் பகுதியில் அதற்கொரு விளக்கம் வருகிறது, நான் சொல்லமாட்டேன், அந்த ஒன்றை மட்டும் வேண்டுமானால் பாருங்கள். என்னிடம் இருக்கிற அந்த வட்டுகள் இன்னும் உறை பிரிக்காமல்தான் இருக்கின்றன, மச்சானும் பிரித்திருக்கவில்லை.